படர்தாமரைக்கு எந்தக் களிம்பு: குளோட்ரிமசோலா, டெர்பினஃபினா?

கேள்வி, மே 6
தொடை இடுக்கில் படர்தாமரை. குளோட்ரிமசோல் 10 நாள் தடவினேன், அரிப்பு நின்றது, நானும் நிறுத்தினேன், மூன்றே வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. டெர்பினஃபின் ஒரே வாரத்தில் வேரோடு எடுத்துவிடும், குளோட்ரிமசோல் தடவுவது வீண் வேலை என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

மே 6, இரவு
பாதி உண்மை, மீதி உங்கள் நண்பரின் உற்சாகம். அந்தந்த மருந்துக்குரிய நாள் முடியுமுன் நிறுத்தினால் குளோட்ரிமசோல் மட்டுமல்ல, எதுவாக இருந்தாலும் திரும்பத்தான் வரும். அரிப்பு முதல் வாரத்திலேயே அடங்கிவிடும், பூஞ்சை போவதற்கு அதற்கப்புறம் வெகுநாள் ஆகும். இந்த இடைவெளியில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். நான் நான்கு முறை ஏமாந்தவன், அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. குளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல், லூலிகோனசோல் எல்லாம் அசோல் குடும்பம். டெர்பினஃபினும் நாஃப்டிஃபினும் அல்லைலமீன் குடும்பம். பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் என்ற கொழுப்பு வேண்டும், நம் செல்களுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டியிருப்பது போல. அதைத் தயாரிக்கும் வரிசையில் அசோல் பின்பக்கம் ஒரு இடத்தில் அடைக்கிறது, டெர்பினஃபின் முன்னாலேயே அடைத்துவிடுகிறது. முன்னால் அடைக்கும்போது ஸ்குவாலீன் என்ற சரக்கு உள்ளேயே தேங்கி, அதுவே பூஞ்சைக்கு விஷமாகிவிடும். அதனால் படர்தாமரைப் பூஞ்சையை டெர்பினஃபின் கொல்கிறது. அசோல் பெரும்பாலும் வளரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது, மேல்தோல் உதிர்ந்து புதுத்தோல் வரும்போது பூஞ்சை அதோடு சேர்ந்து வெளியேற வேண்டும். அதற்குத்தான் தினம் இரண்டு வேளை, 4 வாரம் வரை என்று கணக்கு. டெர்பினஃபின் 1% க்ரீமுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் போதும் என்பதும் இதனால்தான், தடவுவதை நிறுத்திய பிறகும் சில நாள் அது மேல்தோலிலேயே தங்கியிருக்கும்.

ஆக நண்பர் சொன்ன ‘ஒரு வாரம்’ புளுகு இல்லை. ‘வீண் வேலை’தான் புளுகு.

மே 7
நேற்று எழுதியதைப் படித்தால் டெர்பினஃபினுக்கு விளம்பரம் எழுதியது போல இருக்கிறது. கால் பூஞ்சைக்கான களிம்பு ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு ஒன்று 2007-இல் வந்தது. அல்லைலமீன் அசோலைவிடக் ‘கொஞ்சம்’ கூடுதலாகக் குணப்படுத்துகிறது என்றுதான் அதன் முடிவு. கொஞ்சம்தான். 4 வாரம் ஒழுங்காகத் தடவிய குளோட்ரிமசோல், 3 நாளில் மறந்துபோன டெர்பினஃபினை அடித்துவிடும். என்னைப் போன்ற சோம்பேறிக்குக் குறைந்த நாள் மருந்தே பெரிய வரம், அது வேறு விஷயம்.

மே 7, மாலை
இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். என்னுடையது ஆரம்பித்தது இடது காலில், கடைசி விரலுக்கும் அதற்கு முந்தைய விரலுக்கும் நடுவில். தோல் வெளுத்து, தண்ணீரில் ஊறிய காகிதம் போல நைந்து, பிரித்துப் பார்த்தால் நடுவில் ஒரு வெடிப்பு. சேற்றுப்புண் என்று எல்லோருக்கும் தெரியும், நானும் தெரிந்துகொண்டே கண்டுகொள்ளாமல் இருந்தேன். அடுத்த கோடையில் தொடை இடுக்கில் வந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. கால் வேறு ஊர், இடுப்பு வேறு ஊர் என்று நினைப்பு.

இரண்டும் ஒரே பூஞ்சை. ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்பதுதான் வழக்கமான ஆள். உள்ளாடை போடும்போது காலிலிருந்து இடுக்குக்குப் பயணம் செய்கிறது. அதனால் முதலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, அப்புறம் உள்ளாடை போடச் சொல்வார்கள். கண்ணாடி முன்னால் சாக்ஸோடு மட்டும் நிற்கும் அழகை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஆனால் வேலை செய்கிறது.

கேட்டவர் முதலில் குனிந்து விரல் இடுக்கைப் பாருங்கள்.

மே 9
பார்த்துவிட்டாராம், இருக்கிறதாம். வலது காலில். சரி, இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் தடவுங்கள், ஒன்று முடிந்து மற்றொன்று என்று வரிசை வைக்காதீர்கள்.

தடவும் விதம். வட்டத்தின் மேல் மட்டும் தடவுவது வீண், பூஞ்சை மும்முரமாக வளர்வது ஓரத்தில். ஓரத்துக்கு வெளியே 2 செ.மீ. நல்ல தோலிலிருந்து ஆரம்பித்து உள்நோக்கி வர வேண்டும். கழுவி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் தடவுவது. ஈரத்தின் மேல் தடவினால் அது களிம்பு போட்ட சேறு. விரல் இடுக்கைத் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நான் முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்துக் காயவைக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

அளவு: ட்யூபிலிருந்து ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். இப்போது கணக்குப் போடுங்கள். அவ்வளவு பரப்புக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 4 வாரம் என்றால் 56 தடவை, 28 கிராம். நம்மில் பெரும்பாலோர் 15 கிராம் ட்யூப் ஒன்று வாங்கி, அது தீரும்போது ‘கோர்ஸ் முடிந்தது’ என்று நிறுத்துகிறோம். பாதி வழியில் இறங்கிக்கொண்டு ஊர் வரவில்லை என்று வண்டியைத் திட்டுவது போல.

மே 12
“மூன்று மருந்து கலந்த க்ரீம் போட்டேன், இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது, இவ்வளவு ஏன் பேசுகிறீர்கள்” என்று ஒருவர்.

ஐயா, நிறுத்துங்கள். அதே க்ரீம்தான் என்னை ஒரு வருடம் சுற்றவிட்டது.

மருந்துக்கடையில் இடுப்பைக் காட்ட முடியாமல் ‘அரிப்பு’ என்று மட்டும் சொன்னேன். கொடுத்தார்கள். பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று, கூடவே குளோபெட்டசால். கடைசியாகச் சொன்னது ஸ்டீராய்டு, அதுவும் களிம்புகளில் மிக வீரியமான வகை. தடவிய மூன்றாம் நாள் தோல் பளபளவென்று ஆனது. கொடுத்தவரை மனதார வாழ்த்தினேன். நடந்தது என்னவென்றால், பூஞ்சையை எதிர்த்துத் தோல் காட்டும் சிவப்பையும் அரிப்பையும் ஸ்டீராய்டு அமுக்கிவிட்டது. காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுத் திருட்டு நின்றுவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். நிறுத்தியதும் இரண்டு மடங்கு. திரும்பத் தடவினால் அடங்கும், நிறுத்தினால் வெடிக்கும். ஆறாவது மாதம் வட்டத்துக்குள் வட்டம், மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் மாதிரி. ஓரத்தில் செதிலே இல்லை, பார்த்தால் படர்தாமரை என்றே சொல்ல முடியாது.

இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, டீனியா இன்காக்னிட்டோ, மாறுவேடம் போட்ட படர்தாமரை. 1968-இலேயே மருத்துவ இதழில் எழுதி வைத்துவிட்டார்கள். தொடை இடுக்குத் தோல் மெல்லியது என்பதால் மருந்தை அதிகமாக உறிஞ்சும், நிறையநாள் தடவினால் தோல் மெலிந்து நிரந்தரக் கோடுகள் விழும். எனக்கு இரண்டு கோடுகள் விழுந்தன, அவை போகாது.

ட்யூபின் பின்பக்கத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எதாவது தெரிந்தால் கீழே வையுங்கள். ஏற்கெனவே பல மாதமாகத் தடவிக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள், நிறுத்திய முதல் இரண்டு வாரம் நரகம்.

மே 13
நேற்றுக் கோபத்தில் எழுதியதற்கு ஒரு திருத்தம். ரொம்பவும் வீங்கி எரியும் இடத்துக்கு மருத்துவர் ஒருவர், மென்மையான ஸ்டீராய்டைப் பூஞ்சை மருந்தோடு சேர்த்துச் சில நாள் மட்டும் கொடுப்பது உண்டு. அது கண்ணால் பார்த்துக் கொடுப்பது. ‘அரிப்பு’ என்ற ஒரு வார்த்தைக்குக் கொடுப்பது வேறு.

மே 16
தேமலுக்கும் இதே டெர்பினஃபினா என்று கேள்வி. இல்லை, வேலை செய்யாது. தேமல் மலாசீசியா என்ற வேறு பூஞ்சை, எண்ணெய்ப்பசையில் வாழ்வது. அதற்குக் கீட்டோகோனசோல் ஷாம்பு அல்லது 2.5% செலினியம் சல்ஃபைடு.

மே 16, அரை மணி நேரம் கழித்து
மேலே ‘வேலை செய்யாது’ என்று அடித்துச் சொன்னது தப்பு. வேலை செய்யாதது டெர்பினஃபின் மாத்திரை. க்ரீமாகத் தடவினால் தேமலுக்கும் பலன் உண்டு. ஆனால் முதுகு முழுக்கப் பரவிய தேமலுக்கு யார் க்ரீம் பிதுக்கிக்கொண்டிருப்பது, ஷாம்புதான் சௌகரியம்: பூசி, சில நிமிடம் விட்டு, கழுவிவிடலாம். வெளிறிய புள்ளிகள் உடனே நிறம் மாறவில்லையே என்று மறுபடி மறுபடி பூசாதீர்கள். பூஞ்சை செத்த பிறகும் பழைய நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

நிஸ்டாட்டின் பற்றியும் கேட்டார்கள். அது கேண்டிடா என்ற இன்னொரு வகைப் பூஞ்சைக்கு. படர்தாமரைக்கு உதவாது. டோல்நாஃப்டேட் இதற்கு நேர்எதிர், படர்தாமரைக்கு உண்டு, கேண்டிடாவுக்கு இல்லை. ‘பூஞ்சைக் களிம்பு’ என்று பொதுப்பெயர் போட்டு விற்பதால்தான் இந்தக் குழப்பம் எல்லாம்.

மே 20
கொஞ்சம் திசை மாறுகிறேன். இந்த நோய்க்கு மொழிக்கு மொழி ஒரு பூச்சியைத்தான் குற்றவாளியாக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வளையப் புழு. லத்தீன் ‘டீனியா’வும் புழுவும் அந்துப்பூச்சியும்தான். தமிழில் வண்டுகடி. பாவம், இதில் எந்தப் பூச்சிக்கும் சம்பந்தம் இல்லை. படர்தாமரை என்று ஒருவர் மட்டும் பூவின் பெயரை வைத்தார், அவருக்கு நிச்சயம் இது வந்திருக்காது.

வண்டுகொல்லி இலை அரைத்துப் பூசலாமா என்று கேட்டவருக்கு: சீமையகத்தி என்றும் சொல்லும் அந்தச் செடியின் இலையில் கிரைசோஃபானிக் அமிலம் இருக்கிறது, பூஞ்சையை எதிர்க்கும் குணம் உண்டு, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து உலகம் சுற்றிய செடி, போன இடங்கள் பலவற்றில் இந்த நோயோடு சேர்த்தே பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் எந்த இலையில் எவ்வளவு மருந்து என்று யார் அளப்பது? பூண்டை நசுக்கி வைத்துக் கட்டுகிறேன் என்பவர் மட்டும் தயவுசெய்து வேண்டாம், தோல் வெந்து கொப்புளம் போடும். தேயிலை மர எண்ணெயை 10% க்ரீமாகக் கொடுத்து 1992-இல் சோதித்தார்கள். அரிப்பும் செதிலும் குறைந்தன, பூஞ்சை ஒழிந்ததோ மருந்தில்லாத வெறும் க்ரீமைவிடப் பெரிய வித்தியாசம் இல்லாமல்தான். மறுபடியும் அதே கதை, அரிப்பு வேறு, பூஞ்சை வேறு.

பழைய மருந்துகளில் எனக்கு மரியாதை உள்ளது விட்ஃபீல்டு ஆயின்மென்ட் ஒன்றில்தான். பென்சோயிக் அமிலம் 6%, சாலிசிலிக் அமிலம் 3%. ஒன்று பூஞ்சையைத் தடுக்கும், மற்றது மேல்தோலை உரித்தெடுத்துக் குடியிருப்பையே காலி செய்யும். நூறு ஆண்டுக்கு மேல் வயது. பாதம் தடித்துச் செதில் செதிலாக இருக்கும்போது இன்னும் பொருத்தம். தொடை இடுக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள். எரிச்சல் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால் போதும், சோதிக்க வேண்டாம்.

மே 27
முதலில் கேட்டவர்: டெர்பினஃபின் இரண்டு வாரம் முடித்தாராம், இடுக்கு சுத்தமாம், ஆனால் விலாவில் புதிதாக ஒரு வட்டமாம். மருந்து தோற்றுவிட்டதா என்கிறார்.

அவசரப்பட வேண்டாம். பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தின் ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஓரம் கோட்டைத் தாண்டியிருந்தால் வளர்கிறது, உள்ளேயே இருந்தால் அடங்குகிறது. கண்ணால் பார்த்து ‘நேற்றைவிடப் பெரிதாகிவிட்டது’ என்று நினைப்பதில் பாதி பயம். எனக்கு ஒருமுறை வீட்டில் மூன்று பேர் கூடி விவாதித்தோம், கோடு போட்ட பிறகு விவாதம் முடிந்தது.

டெர்பினஃபினுக்கே மசியாத வகையும் இப்போது உண்டு, அதை மறைக்கக் கூடாது. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று 2020-இல் பெயர் வைத்தார்கள். எர்கோஸ்டிரால் தயாரிக்கும் வரிசையில் டெர்பினஃபின் அடைக்கும் நொதியிலேயே மாற்றம் ஏற்பட்டிருப்பதால் மருந்து ஒட்டுவதில்லை. இந்தியாவில் பரவலாக இருப்பது, 2023-இல் நியூயார்க்கிலும் இரண்டு பேருக்குக் கண்டதாக எழுதினார்கள். உடம்பில் பல இடம், இரண்டு மாதமாகியும் அடங்கவில்லை, வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது என்றால் க்ரீமை மாற்றி மாற்றிப் பரிசோதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம். மே 6-இல் நான் இருந்த மிதப்பு இப்போது இல்லை.

மே 28
இன்னொன்று, எல்லா வட்டமும் படர்தாமரை இல்லை. நாணயம் போல வட்டமாக வரும் எக்சிமா உண்டு, அது நடுவிலும் அதே மாதிரி இருக்கும். படர்தாமரையில் நடு தெளிந்து ஓரம் மட்டும் எழும்பியிருக்கும். தொடை இடுக்கில் பழுப்பாக, அவ்வளவாக அரிக்காமல் ஒரு திட்டு என்றால் அது எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம், உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் பவள நிறத்தில் ஒளிரும்.

சந்தேகம் தீர ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தோலின் கெரட்டின் கரைந்து பூஞ்சை இழைகள் மட்டும் நூல்போலத் தெரியும். நான் செய்த கூத்து: காலையில் நன்றாகக் குளித்து, க்ரீம் பூசிக்கொண்டு போனேன், மருத்துவர் முன்னால் சுத்தமாகப் போக வேண்டாமா. சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. பூஞ்சை மருந்து பூசியிருந்தால் இருப்பதும் இல்லை என்று காட்டும். எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

ஜூன் 3
பேனாக் கோட்டைத் தாண்டவில்லையாம். நல்லது, தொடருங்கள்.

ஜூன் 21
மூன்று வாரமாக இந்தப் பக்கம் வராததற்குக் காரணம் வெட்கம். எனக்கே திரும்ப வந்துவிட்டது. அதே இடது கால், அதே விரல் இடுக்கு. இவ்வளவு அளந்து, காயவைத்து, சாக்ஸ் முதலில் போட்டு, உள்ளாடைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடாமல். எந்தக் களிம்பு சிறந்தது என்று ஒன்றரை மாதம் வியாக்கியானம் செய்தவனுக்கு.

மருத்துவர் விரல் இடுக்கை ஒரு கணம்தான் பார்த்தார். அப்புறம் பெருவிரல் நகத்தைத் தட்டி, இது எத்தனை வருடமாக இப்படி என்றார். மஞ்சளாக, தடித்து, ஓரத்தில் பொடிபொடியாக உதிரும். ஷூ இடித்த நகம் என்றே நினைத்திருந்தேன். நகச்சொத்தை. அங்கே உட்கார்ந்துகொண்டுதான் வருடாவருடம் விரல் இடுக்குக்கு விதை அனுப்பிக்கொண்டிருந்தது. நகத்தைத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார், பூஞ்சை உறுதி.

க்ரீம் நகத்துக்குள் இறங்காது. நகப்பூச்சு மருந்துகள் உண்டு, சிக்ளோபிராக்ஸ் மாதிரி, ஆனால் எனக்கு நகத்தின் வேர் வரை போய்விட்டதால் டெர்பினஃபின் மாத்திரை, தினம் 250 மி.கி., 12 வாரம். கல்லீரல் பரிசோதனை முதலில். மாத்திரையை யாரும் என்னைப் பார்த்துத் தாங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

ஜூன் 22
“அப்படியானால் நீங்கள் போட்ட களிம்பு எல்லாம் வீணா” என்கிறார் முதலில் கேட்டவர். இல்லை. ஒவ்வொரு முறையும் அது போட்ட இடத்தில் வேலையைச் செய்து முடித்தது. நான்தான் தப்பான இடத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் நகங்களையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஜூன் 24
நகம் சுத்தமாம். பொறாமையாக இருக்கிறது.

அக்டோபர் 20
மாத்திரை செப்டம்பரில் முடிந்தது. விரல் இடுக்கு காய்ந்தே இருக்கிறது. கால் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மி.மீ.தான் வளரும், முழுதும் மாற ஒரு வருடத்துக்கு மேல். அடியிலிருந்து 4 மி.மீ. தெளிவாக வந்திருக்கிறது, அந்த எல்லையில் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதற்கு மேலே இன்னும் அதே பழைய மஞ்சள்.